புதன்கிழமை ஆட்டத்தை வளர்த்த கதை

கால்டர்விக் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வளர்ச்சித் துறையைத் தொடங்கியபோது அதற்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. ஊர் முழுக்கத் தேடிப் பார்த்ததில் காலியாகக் கிடந்தது விளையாட்டு மைதானம் ஒன்றுதான். ஆகவே அதன்மேல் கட்டினார்கள். நான்கு மாடி, எல்லாம் கண்ணாடி. எந்த மாடியில் நின்றாலும் மழை நன்றாகத் தெரியும். முன்பு அந்த இடத்தில் விளையாடியவர்களின் புகைப்படங்களைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும்.

மார்னி என்ட்விசில் அங்கே விளையாட்டு வளர்ச்சியும் பயிற்றுவிப்பும் என்ற பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தெருவில் பந்து உதைத்து, பக்கத்து வீட்டு ஜன்னல்களை முறை வைத்து உடைத்தவள். நாலு பேருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரே குறை, நாலு பேருக்கு முன்னால் நின்றால் அவள் முகம் தக்காளிப் பழம் ஆகிவிடும். வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும்.

அந்தக் குறைக்கு அவள் துறை மிகவும் தோதாக அமைந்தது. மூன்றாம் மாடியில் இருந்த பயிற்றுவிப்புக் கூடத்தில் கம்பளம் விரித்து, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அங்கே கற்பனைப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். உண்மைப் பிள்ளைகள் கூடாது. அவர்கள் பாடத்திட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள் என்று முந்தைய ஆண்டுகளில் கண்டுபிடித்திருந்தார்கள். மார்னி தன் கற்பனை அணிக்குப் பந்தைக் கடத்தச் சொல்லிக்கொடுத்து முடித்ததும், அவளுடைய ஆசிரியர் டாக்டர் க்ரிஸ்பின் யார்ட்லி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரி மார்னி. ஆனா உன் இடப்பக்கம் ரெண்டு பிள்ளைங்க குளிர்ல நடுங்கிட்டு நின்னாங்க. நீ திரும்பிக்கூடப் பாக்கல."

மார்னி இடப்பக்கம் பார்த்தாள். அலமாரி இருந்தது. "ஸாரி" என்றாள் அலமாரியிடம்.

"பாத்தியா, இப்ப பாத்த. இதுதான் வளர்ச்சி" என்று க்ரிஸ்பின் மகிழ்ந்தார். துறையில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மார்னிக்கு அது வாயில் வராது. அதனால் அவரை அவள் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் இரண்டாம் ஆண்டு வரை ஓட்டியிருந்தாள்.

இரண்டாம் ஆண்டின் பெரிய பாடம் களப்பணி. ஊருக்குள் போய், அசைவே இல்லாமல் கிடக்கும் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்து, அசைய வைக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் மூன்றாம் ஆண்டு கிடையாது. மார்னிக்கு லார்ச் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தை ஒதுக்கினார்கள். அரசாங்க வீடுகள், வயதானவர்கள், ஓயாத மழை. அசையாமல் கிடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்று க்ரிஸ்பின் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலையில் அவள் கூடத்தின் கதவைத் திறந்தபோது உள்ளே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது.

"டேய் டெஸ்மண்ட், ஓடுற!"

"ஓடலடா. நடக்கறேன்."

"ரெண்டு காலும் தரையில இல்ல, நான் பாத்தேன்!"

"உனக்கு எப்படா ரெண்டு கண்ணும் தெரிஞ்சது?"

அது நடைக் கால்பந்து. வயதானவர்களுக்கென்று உண்டான ஆட்டம். எல்லாம் சாதாரணக் கால்பந்து மாதிரிதான். ஓட மட்டும் கூடாது. ஓடினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். ஆகவே ஆட்டத்தில் பாதி நேரம் பந்து சும்மா கிடக்கும். ஓடியது யார் என்ற வழக்கு நடக்கும். கத்திக்கொண்டிருந்தவர் ஹியூபர்ட் க்ளெக், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி காலமான பிறகு வாரத்தின் மற்ற நாட்களில் அவர் வாயே திறப்பதில்லை. சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் புதன்கிழமை டெஸ்மண்ட் தலையில் கொட்டிவிடுவார். டெஸ்மண்ட் சின்ன வயதில் பார்படோஸிலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்தவர்; எவ்வளவு கொட்டினாலும் தாங்குவார். கோல் அருகே நின்று 'பை' என்ற இறைச்சிப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தவர் நாபி. இன்னும் சிலர் மூச்சு வாங்க நின்றார்கள்.

"வா கண்ணு, குளிருது, கதவைச் சாத்து" என்றார் டெஸ்மண்ட். "நீயே சொல்லு. இவன் கண்ணு நொள்ளைதானே?"

மார்னியின் முகம் சிவந்தது. ஆனால் வாய் தானாகத் திறந்தது. "ஓடினீங்க" என்றாள்.

ஹியூபர்ட் அன்று அவளுக்குத் தன் பங்கு பிஸ்கட்டைக் கொடுத்தார்.

அவள் துள்ளிக்கொண்டு துறைக்குத் திரும்பி, லார்ச் குடியிருப்பில் கிழவர்கள் வாராவாரம் கால்பந்து ஆடுகிறார்கள் என்று சொன்னாள். க்ரிஸ்பின் கதவைச் சாத்தினார். உறவினர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆடறாங்களா? இப்பவேயா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

மார்னிக்குத் தெரியவில்லை. க்ரிஸ்பின் எழுந்து பலகையில் மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்தார். துறையில் எதை விளக்கினாலும் முதலில் அம்பு வரைவது வழக்கம்.

"வளர்ச்சின்னா கீழேயிருந்து மேல போகணும். சரியா? இவங்க ஏற்கனவே மேல உக்காந்திருக்காங்க. நீ எங்கேயிருந்து தூக்குவ? ஆரம்ப அளவு பூஜ்யமா இருக்கணும் மார்னி. பூஜ்யம் இல்லைன்னா நாம செஞ்சதுன்னு எதைக் காட்டறது?"

"அப்ப நான் வேற இடம்..."

"வேற இடம்லாம் கொடுத்தாச்சு. பயப்படாதே, இது சரி பண்ணக்கூடிய விஷயம்தான். அவங்க நிறுத்திடணும்."

"எதை?"

"ஆட்டத்தை. உடனே, திடீர்னு வேண்டாம், அவங்களும் மனுஷங்க. படிப்படியா. ஒரு பருவம் முழுக்க நல்லா உக்காரட்டும். அப்புறம் நாம போய் எழுப்பலாம்."

அன்றே அவர் சமுதாயக் கூடத்தோடு பேசி, புதன்கிழமை நேரத்தைத் துறையின் பெயருக்கு மாற்றிவிட்டார். கிழவர்களிடம் சொல்லும் பொறுப்பு மார்னியுடையது. பந்தைச் சுற்றி நின்ற அவர்கள் முன்னால் அவள் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

"அதாவது, எங்கள ஆட வைக்கறதுக்காக நாங்க ஆடறதை நிறுத்தணும்" என்றார் நாபி, பலகாரத்தை மென்றபடி.

"ஆமா."

"நிறுத்தலன்னா?"

"நான் தேற மாட்டேன்."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட்தான் பேசினார். "படிக்கிற பிள்ளை. விடுங்கடா. ஒரு பருவம்தானே, உக்காந்துதான் பாப்போமே. உக்கார்றதுக்கு நமக்குப் பயிற்சியா வேணும்?"

வேண்டும் என்றது துறை. அடுத்த புதன்கிழமை கூடத்தின் நடுவில் நாற்காலிகள் வந்தன. விளையாட்டுக்கு உள்ள தடைகள் என்ற தலைப்பில் பட்டறை நடத்த ஃபினெல்லா என்ற ஆய்வாளர் வந்தார். ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்து, உங்களை ஆட விடாமல் தடுப்பது எது, மனம் திறந்து எழுதுங்கள் என்றார். எல்லோரும் எழுதியதைச் சேகரித்துப் பார்த்தால் எல்லாத் தாளிலும் ஒரே பதில்: நீங்கள்.

ஃபினெல்லா நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு அருமை! தடை உள்ளேதான் இருக்கு. ஆனா அதை வெளியே பாக்கறாங்க. இதுக்குன்னே ஒரு அம்பு இருக்கு" என்று பலகைக்குப் போனார்.

அதற்கடுத்த வாரம் பந்து என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று களிமண்ணில் செய்யச் சொன்னார்கள். எல்லோரும் உருண்டை பிடித்தார்கள். கற்பனை வறட்சி என்று குறித்துக்கொண்டார்கள். நாபி தன் உருண்டையை டெஸ்மண்டை நோக்கி மெல்ல உருட்டியபோது, இது இன்னும் ஆரம்ப அளவுக் கட்டம் என்று ஃபினெல்லா அதைப் பறிமுதல் செய்தார். பட்டறைகளில் தேநீரும் பிஸ்கட்டும் தாராளம். கிழவர்கள் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினார்கள். க்ரிஸ்பின் திட்டக் கூட்டத்தில் இதை வரைபடமாகக் காட்டியபோது கைதட்டல் எழுந்தது.

ஹியூபர்ட் மட்டும் முதல் பட்டறைக்குப் பிறகு வரவில்லை. மார்னி விலாசம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனாள். பகலிலேயே திரைச்சீலை பாதி இழுத்திருந்தது. தொலைக்காட்சியில் யாரோ வட்டப் பலகையில் சின்னச் சின்ன அம்புகளை எறிந்து போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் பாப்பீங்களா?"

"பாக்கறதில்ல. சத்தத்துக்கு வெச்சிருக்கேன்."

"டெஸ்மண்ட் வந்தாரா?"

"வந்தான். வந்து என்ன? முன்னெல்லாம் ஓடின, ஓடலன்னாவது பேசிக்கலாம். இப்ப அவன்தான் ஓடவே இல்லையே." அவர் தேநீர் போட எழப்போனார், முட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். "நீயே போட்டுக்கறியா கண்ணு?"

மார்னி தேநீர் போட்டாள். இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது அவர் கேட்டார்: "நாங்க சரியாத்தானே உக்காந்திருக்கோம்? உனக்கு மார்க் வருமில்ல?"

அவள் துறைக்கு ஓடினாள். ஹியூபர்ட் வீட்டைவிட்டே வெளியே வருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, எழவே கஷ்டப்படுகிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் ஒருவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

க்ரிஸ்பின் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மார்னி, இந்த மாதிரி ஒரு பூஜ்யம் எங்களுக்குக் கிடைச்சு எத்தனை காலம் ஆச்சு தெரியுமா? அவரைத்தான் தொடக்க விழாவுல முன்வரிசையில உக்கார வைக்கப்போறோம்."

தொடக்க விழாவுக்குத் துறைத் தலைவர் பேராசிரியர் ஃபிலிப்பா ஹேவர்ஸ்டாக் வந்தார். புகைப்படக்காரர் வந்தார். கோலுக்கு முன்னால் 'முதல் அடி' என்று எழுதிய பெரிய பதாகை நின்றது. மேசையில் வெல்வெட் மெத்தையின்மேல் ஒரு புதுப் பந்து. அதைத் தலைவர் தொட்டுத் தொடங்கிவைப்பார். ஹியூபர்டைக் காரில் அழைத்துவந்து, பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சட்டையை மாட்டி, நடுவில் தனி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

பேராசிரியர் பேசினார்.

"நண்பர்களே, இந்தக் குடியிருப்புக்கு நான் இப்பதான் முதல் தடவையா வர்றேன். ஆனா இதை எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும், அறிக்கையைப் படிச்சிருக்கேன். நாங்க வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்தது? ஒண்ணுமே இல்லை. அந்த ஒண்ணுமில்லாத நிலையைக் கொண்டுவர எங்க குழு ஒரு பருவம் முழுக்க ராப்பகலா உழைச்சிருக்கு. இந்தப் பெரியவங்களுக்கு என்ன தேவை? பந்தா? அது எந்தக் கடையிலயும் கிடைக்கும். பந்தைப் பத்தின ஒரு பார்வை, அதுதான் தேவை. அது எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. இதே முறையை அடுத்த வருஷம் நீச்சல் குளத்துக்கும் கொண்டுபோறோம். முதல் கட்டமா தண்ணியை வடிச்சுட்டு வர்றாங்க."

கைதட்டல் அடங்கியதும் அவர் ஹியூபர்டின் பக்கம் இரு கைகளையும் நீட்டினார். "ஹியூபர்ட்! எழுந்திருங்க!"

புகைப்படக்காரர் குனிந்தார். ஹியூபர்ட் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார், கொஞ்சம் முயன்றார், விட்டுவிட்டார்.

"வேண்டாம்மா. இங்கயே நல்லாத்தான் இருக்கு."

"எப்பேர்ப்பட்ட நேர்மை!" என்று பேராசிரியர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சுவரோரம் நின்ற மார்னி தட்டவில்லை. ஹியூபர்ட் மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே அங்கேயே நன்றாக இருந்தது.

"விடுங்கம்மா அவனை" என்றது பின்வரிசையிலிருந்து டெஸ்மண்டின் குரல். "நின்னப்ப மட்டும் என்ன கிழிச்சான்? காலி கோலுக்கு வெளிய அடிச்சவன்தானே."

ஹியூபர்டின் கழுத்து மட்டும் திரும்பியது. "எதுடா காலி? நாபி நின்னான்."

"நாபி பை தின்னுட்டு நின்னான்."

"நான் எப்பவும் அப்படித்தான் நிப்பேன்" என்றார் நாபி.

"காத்து அடிச்சுதுடா அன்னிக்கு!"

"கூரை போட்ட கூடத்துக்குள்ள ஏதுடா காத்து?"

"பந்தை எடுங்கடா. எடு, காட்டறேன் இவனுக்கு!"

ஹியூபர்ட் நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. புகைப்படக்காரர் அப்போது பேராசிரியரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஹியூபர்ட் நொண்டியபடி மேசைக்குப் போய், வெல்வெட் மெத்தையிலிருந்து பந்தை எடுத்துத் தரையில் போட்டார். கிழவர்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். சிலவற்றில் துறைப் பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களையும் சேர்த்து.

க்ரிஸ்பின் மார்னியிடம் ஓடிவந்தார். "நிறுத்து அவங்களை! உன் பேச்சைத்தான் கேப்பாங்க. இன்னிக்கு எழுந்திரிக்கறது மட்டும்தான். உதைக்கறது அடுத்த பருவத்துல!"

மார்னி நடந்தாள். முகம் கொதித்தது. கூடம் முழுக்கத் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. ஹியூபர்டைத் தாண்டி, பந்தைத் தாண்டி, கோலுக்கு முன்னால் நின்ற பதாகையிடம் போனாள். அதைக் கழற்றிச் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"இப்ப கோல் தெரியுதா?" என்று கத்தினாள்.

ஹியூபர்ட் உதைத்தார். பந்து கோலுக்கு வெகுதூரம் விலகிப்போய், விருந்தினருக்கான சாஸேஜ் ரோல் தட்டில் விழுந்தது.

"காத்தாடா?" என்றார் டெஸ்மண்ட்.

மறுவாரம் க்ரிஸ்பின் அவளைக் கூப்பிட்டார். பலகையில் அம்பு கீழ்நோக்கி இருந்தது.

"நீ தேறல மார்னி. சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு."

"ஆனா அவங்க ஆடறாங்களே. எல்லாரும். அது வளர்ச்சி இல்லையா?"

"நாம வளர்த்தாத்தான் அது வளர்ச்சி. தானா வளர்ந்தா அதுக்குப் பேரு களை." அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்காகப் பேசி ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கேன். அதே கூட்டம், திரும்ப முதல்லேயிருந்து. இந்தப் புதன்கிழமை நீ போய்ப் பாரு. ஒருத்தரும் ஆடலன்னு எழுதிக் கொடு, போதும். அதை வெச்சு அடுத்த வருஷம் முழுக்க அந்தக் கூடத்தை நம்ம பேருக்கு வாங்கிடலாம். நீயும் மூணாவது வருஷம் போயிடுவ."

"நீங்க வந்து பாக்க மாட்டீங்களா?"

"நானா?" அவர் திகைத்துப்போனார். "நான் விளையாட்டு நடக்கற இடத்துக்கெல்லாம் போறதில்லை. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. கூடத்துக்கு ஃபோன் பண்ணி நீ வர்றதையும் எதுக்குங்கறதையும் மட்டும் சொல்லிட்டேன்."

ஆக, ஒரு வரி எழுதினால் போதும். யாரும் சரிபார்க்கப்போவதில்லை. புதன்கிழமை காலையில் பேருந்தில் போகும்போது மார்னி அந்த வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். கஷ்டமாகவே இல்லை. அம்மாவிடம் மூன்றாம் ஆண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கூடத்துக்கு வெளியே நின்றபோதே உள்ளே சத்தம் கேட்டது. "ஓடுற! ஓடுற!" அது ஹியூபர்டின் குரல். அவள் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டாடா, உக்காருங்க!" என்றார் டெஸ்மண்ட்.

அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். முட்டிகள் வரிசையாக மடங்கின. முனகல் வரிசையாக எழுந்தது. கேட்பாரற்ற பந்து உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. கடைசியாக ஹியூபர்ட், ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக, மிக மெதுவாக, உட்கார்ந்து முடித்தார்.

"எழுதிக்க கண்ணு" என்றார் டெஸ்மண்ட். "பூஜ்யம். பாரு, சுத்தமான பூஜ்யம்."

"நாங்க எல்லாம் கேள்விப்பட்டோம்" என்றார் நாபி. "உன் பட்டத்தை விட இது என்ன பெரிய ஆட்டமா? இன்னொரு வருஷம்தானே. எனக்கு அந்தக் களிமண் பிடிச்சிருந்தது."

மார்னி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். கிழவர்கள் அசையாமல், பள்ளிக்கூடப் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் போல, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹியூபர்டுக்கு மூச்சு வாங்கியது.

அவள் குனிந்து தாளில் ஏதோ எழுதினாள். பேனாவைச் சட்டைப் பையில் போட்டாள். ஹியூபர்டிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எந்திரிங்க."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"ஆட்டம் நடக்குதுன்னு."

ஹியூபர்ட் அவள் கைகளைப் பிடித்தார், எழவில்லை. "அப்ப ஃபெயில்தானே?"

"ஃபெயில்தான்."

"சரி, தூக்கு" என்றார் ஹியூபர்ட். அவள் தூக்கினாள். நின்றதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கோல் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க போய் நில்லு. நாபிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, எழ மாட்டான். டேய் டெஸ்மண்ட், ஃப்ரீ கிக் எனக்கு. இவ வர்றதுக்கு முன்னாடி நீ ஓடின."